கணினித் திரையிற் கைத்துப்பாக்கி: போர் விளையாட்டுகளின் ஆயுத வகைகளும் வன்னி அனுபவமும்

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் போர் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பெறுவன பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர் என்னும் பெற்றோர் முறைப்பாடு. மற்றது, புதிதாக வந்த விளையாட்டினை வாங்கத் தூண்டும் வணிக அறிமுகம். விளையாட்டினுள்ளே கையாளப்படும் பொருள்களை உற்றுநோக்கும் வழக்கம் இவ்விரண்டிலும் இல்லை. அப்பொருள்களுள் மிகச் சிறியதும் மிகப் பரவலாகக் காணப்படுவதுமான ஒன்றையே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம். அது அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி. பேச்சு வழக்கிற் பிஸ்ரல்.

இவ்வாராய்வுக்கு வன்னிப் பெருநிலத்தை நோக்குநிலையாகக் கொள்வதற்குத் தக்க காரணமுண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் 2009 மே மாதத்துக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பை எட்டும் பருவத்தினர். அவர்களின் பெற்றோர் எறிகணையின் ஒலியைக் கேட்டே அதன் திசையையும் தொலைவையும் கணித்துப் பதுங்குகுழிக்குள் இறங்கிய தலைமுறையினர். பிள்ளைகளோ குளொக், பெரெற்றா, டெசேர்ட் ஈகிள் என்னும் பெயர்களைத் திரையிலிருந்து கற்று, எதில் எத்தனை ரவை கொள்ளும் என்பதை மனப்பாடமாகச் சொல்லுகின்றனர். ஒரே வீட்டில், ஒரே விறாந்தையில், ஆயுதம் பற்றிய இருவேறு அறிவுகள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது என்பதே நமது வினா.

விளையாட்டு வன்முறையை வளர்க்கின்றதா என்னும் பழகிய விவாதத்தினுள் நாம் நெடுந்தூரம் செல்லவில்லை. வன்முறை மிக்க விளையாட்டுகளே வன்செயல்களுக்குக் காரணமெனக் கூறுதற்குப் போதிய அறிவியற் சான்று இல்லையென அமெரிக்க உளவியற் சங்கம் 2020 மார்ச்சில் தெரிவித்தது; முரட்டுணர்ச்சியுடன் சிறு தொடர்பு உண்டென்பதை மட்டும் அது ஏற்றது. விளையாட்டு எதைச் செய்யத் தூண்டுகிறது என்பதிலும், எதை அறியச் செய்கிறது, எதை அறியவிடாது தடுக்கிறது என்பதே நமக்கு முதன்மையானது.

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குவோம். துவக்கு என்பதே வன்னி வழக்கு. துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டும் துருக்கிய, பாரசீக மொழிகளின் வழியே வந்த ஒரே சொல்லின் வடிவங்கள். சிங்களத்தின் ‘துவக்குவ’ என்பதும் அதன் உறவே. வன்னியின் வேட்டுவரும் கமக்காரரும் நெடுங்காலம் கையாண்டது இடியன் துவக்கு. குழலின் வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடித்து இறுக்குவதனால் அது இடியன் ஆயிற்று. இன்னொன்று கட்டுத்துவக்கு: காட்டு மிருகம் வரும் தடத்தின் குறுக்கே கம்பியை இழுத்து, கம்பி இடறியதும் தானே வெடிக்குமாறு மரத்திற் கட்டிவைப்பது. பன்றிக்கெனக் கட்டியதில் மனிதர் கால் இழந்த கதைகள் வன்னிக் கிராமங்களுக்குப் புதியன அல்ல. எனினும் இவ்விரண்டும் வயலோடும் காட்டோடும் தொடர்புடையன; பயிரைக் காத்தலும் இறைச்சி தேடுதலும் அவற்றின் தொழில். அரசின் ஆயுதம் என்பது வேறு. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பீரங்கிகளைக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் கப்டனிடம் தோல்வியுற்றதும் அவ்வேறுபாட்டின் வரலாற்றுப் பதிவுகள்.

பிஸ்ரலுக்கு வயலிலும் வேலையில்லை; காட்டிலும் வேலையில்லை. அதன் குழல் குறுகியது. குறி சில பாகங்களுக்கு அப்பால் நம்பத்தக்கதன்று. இடுப்பில் மறைத்து வைப்பதற்கும், ஒரு கையால் உருவி எடுப்பதற்கும், கண்ணுக்கு எட்டிய மனிதரைச் சுடுவதற்குமே அது ஆக்கப்பட்டது. பிஸ்ரலின் இயல்பு பற்றி இவ்வொன்றை மனங்கொள்ளுதல் பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

அதன் பொறிமுறை எளிது. ரவைகள் கைப்பிடியினுள் செருகப்பட்ட ரவைக்கூட்டில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, அடியிலுள்ள சுருள்வில்லால் மேல்நோக்கி உந்தப்படுகின்றன. விசையை அழுத்தியதும் ரவை வெடித்துச் சன்னம் முன்னோக்கிப் பாய, அதன் எதிர்த்தாக்கம் குழலைப் போர்த்திருக்கும் நழுவுபாகத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பின்னே செல்லும்போது அது வெற்றுக்கோதை வெளியே எறிந்து, சுத்தியலை மீண்டும் நிமிர்த்துகிறது. வில்லின் விசையால் முன்னே வரும்போது அடுத்த ரவையைக் குழலினுள் ஏற்றுகிறது. ஒரு அழுத்தத்துக்கு ஒரு வெடி. ஆனால் அடுத்த வெடிக்கு வேண்டிய அனைத்தையும் முந்திய வெடியே செய்துவைக்கிறது. இதனாலேயே இது அரைத்தானியங்கி எனப்படுகின்றது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கோது நிலத்தில் விழுகின்றது என்பதையும் நாம் குறித்துக்கொள்வோம். விளையாட்டிலும் கோது விழும். சில கணங்களில் மறைந்துவிடும்.

இக்கருவியின் பிறப்பிற் குடியேற்றவாதத்தின் கை உண்டு. ஸ்பானியரிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பெற்றுக்கொண்ட ஐக்கிய அமெரிக்கா, அங்கு மோரோ மக்களின் எதிர்ப்பை ஒடுக்க முனைந்தபோது, தன் படையினரின் சிறுவிட்டச் சுழல்துப்பாக்கிகள் பாய்ந்து வருவோரை வீழ்த்தப் போதவில்லையெனக் கண்டது. 1904இல் தொம்சன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகள் சிக்காகோவின் இறைச்சிக் கொட்டில்களிற் கால்நடைகள்மீதும் மனித சடலங்கள்மீதும் சுட்டுப் பார்த்து, சன்னத்தின் விட்டம் 0.45 அங்குலத்துக்குக் குறையலாகாது என முடிவு செய்தனர். அம்முடிவுக்கு இயைய ஜோன் பிரவுணிங் வடிவமைத்து, கோல்ற் நிறுவனம் செய்தளித்த பிஸ்ரலை அமெரிக்கப் படை 1911 மார்ச் 29இல் ஏற்றுக்கொண்டது. எம்1911 எனப் பெயர்பெற்ற அதுவே, 1985இல் இத்தாலிய பெரெற்றா எம்9 அதனிடத்தைப் பெறும்வரை, அமெரிக்கப் படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக விளங்கியது. தீவு மக்களின் உடலை அளவுகோலாகக் கொண்டு நிர்ணயிக்கப்பட்ட 0.45 என்னும் எண்ணை இன்று திரையில் வெறும் வலிமைக்குறியாகப் படிக்கின்றோம்.

மெய்யான ஆயுதத்தில் ‘வகை’ என்பது எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கும் இப்பிஸ்ரலே சான்று. முதலாம் உலகப் போரின் அனுபவத்தின் பின்னர், 1920களில், எம்1911ஏ1 என்னும் திருத்தம் வந்தது. விசை குறுக்கப்பட்டது, விரல் எட்டுதற்குச் சட்டத்தில் இடம் வெட்டப்பட்டது, கைப்பிடியின் பின்புறம் உள்ளங்கைக்கு இயைய வளைக்கப்பட்டது. மனிதக் கையின் முறைப்பாடுகளே இவை அனைத்தும். பிரவுணிங் 1926இல் இறந்தபின், பெல்ஜிய எவ்.என். தொழிலகத்தின் செவ் என்பவர் முடித்துவைத்த 1935ஆம் ஆண்டின் 13 ரவைப் பிஸ்ரலும், பிரவுணிங்கின் பொறிமுறையைத் தழுவிய சோவியத் ரொக்கரேவ் ரி.ரி.-33உம், அதனைப் பின்பற்றிச் சீனா செய்த 54ஆம் மாதிரியும் ஒரே குடும்பத்தின. முதலாளிய நாடும் சோசலிச நாடும் ஆயுதத்தில் மட்டும் ஒரே பாட்டன் வழிவந்தன என்பது நகைப்புக்குரியதே.

விளையாட்டுகளில் இப்பிஸ்ரல்கள் புகுந்த வரலாறு அண்மையது. 1999இல் வெளிவந்த மெடல் ஒவ் ஒனர் இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்டு எம்1911ஐ ஆடுவோரின் கையிற் கொடுத்தது. 2003இன் கோல் ஒவ் டியூட்டியும் அவ்வழியே சென்றது. 2007இல் அத்தொடரின் ‘நவீன போர்’ என்னும் பாகம் எம்9, யூ.எஸ்.பி., எம்1911, டெசேர்ட் ஈகிள் என நான்கினை ஒருங்கே வைத்தது. கைத்தொலைபேசியிற் பரவிய பப்ஜியில் பி1911, பி92, பி18சி எனச் சற்று மாற்றிய பெயர்களுடன் கோல்ற், பெரெற்றா, குளொக் ஆகிய மூன்றும் உள்ளன. இவற்றுள் பி18சி விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். எனவே அதனை அரைத்தானியங்கி என்றல் பொருந்தாது. இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியின் கைத்தொலைபேசி வடிவத்தைத் தடைசெய்ததற்குக் கூறிய காரணம் தரவுப் பாதுகாப்பு, ஆயுதம் அன்று.

பெயரை மாற்றுதல் என்பது தனித்து நோக்கத்தக்கது. 1997இன் கோல்டன் ஐ விளையாட்டில் வோல்தர் பிஸ்ரல் பிபி7 ஆயிற்று. ரொக்கரேவ், டொஸ்தோவை என்னும் ருஷ்யச் சாயற் பெயரைப் பெற்றது. கவுண்டர் ஸ்ரைக்கின் தொடக்க வடிவங்களில் டெசேர்ட் ஈகிள் ‘நைற் ஹோக்’ எனப்பட்டது. உரு ஒன்றே; பெயர் மட்டும் வணிகச் சின்ன உரிமைக்கு அஞ்சி ஒளிந்தது. பின்னர் நிலைமை மாறி, ஆயுத நிறுவனங்கள் தம் பெயரை வழங்குவதற்கு ஒப்பந்தம் செய்யலாயின. பாடசாலை மாணவன் ஒருவன் பத்து வயதிற் பழகும் பெயர் முதிர்ந்த வயதில் வாங்கும் பெயராகும் என்பது அவர்களின் கணக்கு. 2012இல் வெளிவந்த மெடல் ஒவ் ஒனர் விளையாட்டின் விளம்பரத்தில் ஆயுத விற்பனையாளருடனான தொடர்பு வெளிப்படவே கண்டனம் எழுந்தது. அதன் நிறுவனமான எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் 2013 மே மாதத்தில் ஆயுத நிறுவனங்களுடன் உரிம ஒப்பந்தங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் பெயர்களையும் உருக்களையும் கைவிடவில்லை. நாவலாசிரியன் ஒருவன் தன் கதையில் ஓர் ஆயுதத்தின் பெயரைச் சொல்ல உரிமம் வேண்டாதது போலத் தமக்கும் வேண்டாம் என்பது அவர்களின் வாதம். 2020 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றமொன்று, ஹம்வீ என்னும் படை வாகனம் தொடர்பான வழக்கில், ஏறத்தாழ இக்கருத்தையே ஏற்றுக் கோல் ஒவ் டியூட்டி நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. படைப்புச் சுதந்திரமும் வணிகமும் கைகோத்து நிற்கும் இவ்விடத்தில் முற்போக்காளர் எப்பக்கம் நிற்பதென்பது எளிதில் தீராத சிக்கல்.

விளையாட்டினுள் ஒரு பிஸ்ரலை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவன எண்களே: எதிரியின் உயிரில் எத்தனை புள்ளியைக் கழிக்கும், ரவைக்கூட்டில் எத்தனை கொள்ளும், சுட்டபின் எவ்வளவு உதறும், மீள நிரப்ப எத்தனை விநாடி. இவ்வெண்களும் மெய்யான ஆயுதத்தின் இயல்பைத் தழுவியன அல்ல. எல்லா ஆயுதத்துக்கும் ஏதேனும் ஒரு பயன் இருக்குமாறு, ஒன்று மிகைப்பட்டால் அதைக் குறைத்தும் ஒன்று தாழ்ந்தால் அதை உயர்த்தியும், ஆக்கியோர் அடிக்கடி மாற்றுவர். டெசேர்ட் ஈகிள் சிறந்த உதாரணம். ஏறத்தாழ இரண்டு கிலோ நிறையுள்ள, வேட்டைக்கும் குறிச்சூட்டுப் பொழுதுபோக்குக்கும் ஏற்ற பெருவிட்ட ரவைகளையுடைய அதனை எந்தப் பெரும்படையும் தன் பொதுக் கைத்துப்பாக்கியாகக் கொள்ளவில்லை. திரைப்படமும் விளையாட்டுமே அதற்குப் புகழ் தேடிக்கொடுத்தன. 2007இன் கோல் ஒவ் டியூட்டியில் 55ஆம் படியை எட்டியவருக்குப் பரிசு பொன்முலாம் பூசிய டெசேர்ட் ஈகிள். முன்னர்க் கூறிய எம்1911ஏ1இன் வளைவு கையின் முறைப்பாட்டாற் பிறந்தது. இப்பொன்முலாமோ அந்தஸ்தின் பொருட்டுப் பிறந்தது. பின்வந்த விளையாட்டுகளில் இத்தகைய வண்ணப் போர்வைகளே தனிச் சந்தைப் பண்டமாயின.

கவுண்டர் ஸ்ரைக்கின் பொருளாதாரத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடைத்து. ஆடுவோர் இரு அணியாகப் பிரிவர்; ஓரணியின் பெயர் பயங்கரவாதிகள், மற்றதன் பெயர் பயங்கரவாத எதிர்ப்பாளர். முதற் சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிஸ்ரல் இலவசம். செலவுக்கு 800 டொலர். ஒருவரைக் கொன்றால் 300 டொலர் சேரும். சேர்ந்த பணத்தில் அடுத்த சுற்றுக்குப் பெரிய துப்பாக்கி வாங்கலாம். பணயக் கைதியைக் கொன்றுவிட்டாற் பணம் வெட்டப்படும். பிஸ்ரல் இங்கு ஏழையின் ஆயுதம், கொலை கூலிவேலை, குடிமகனின் உயிர் ஒரு தண்டத் தொகை. பயங்கரவாதி என்னும் சொல் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் மூலம் இந்நாட்டுத் தமிழிளைஞர்மீது சட்டபூர்வமாகச் சுமத்தப்பட்டு, 1982இல் அச்சட்டம் நிரந்தரமாக்கப்பட்டதை அறிந்த எவருக்கும், கிளிநொச்சிப் பையன் ஒருவன் ‘நான் இந்தமுறை பயங்கரவாதி’ எனச் சிரித்துக்கொண்டே அணி சேர்வது வெறும் விளையாட்டாகத் தோன்றாது. அவன் தந்தை அச்சொல்லைச் சிரித்துச் சொல்லக்கூடிய காலத்தில் வாழ்ந்தவரல்லர். சொல்லின் நஞ்சு இறங்கிவிட்டது என மகிழ்வதா, அதன் வரலாறு துடைக்கப்பட்டுவிட்டது எனக் கவல்வதா? நம்முள்ளேயே இதில் ஒருமித்த கருத்தில்லை.

இனி முதன்மையான வேறுபாட்டுக்கு வருவோம். பிஸ்ரல் அருகிலிருந்து சுடும் ஆயுதம். ஆகவே வரலாற்றில் அதனால் வீழ்ந்தோரிற் பலர் பெயருடையோர், சுடுபவன் முகமறிந்தோர். 1948 ஜனவரி 30இல் காந்தியடிகளின் உயிரைக் குடித்தது 1934ஆம் ஆண்டு மாதிரியிலமைந்த பெரெற்றா பிஸ்ரல். கைகூப்பி வணங்கும் அண்மையில் நின்றே கோட்சே சுட்டான். 1959 செப்டெம்பர் 25இல் பிரதமர் பண்டாரநாயக்காவை அவரது இல்லத்திற் சுட்ட சோமாராம தேரரின் கையிலிருந்தது சுழல்துப்பாக்கி. பொறிமுறை வேறாயினும் கைக்கடக்கமும் அண்மையும் ஒன்றே. வணங்க வந்தவராகக் கருதி வரவேற்கப்பட்டவர் அவர். நமது போராட்ட வரலாற்றிலும் பேரழிவு ஆயுதங்கள் வருமுன்னர் கைத்துப்பாக்கிக் காலம் ஒன்று இருந்தது. 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டதும், 1982 மே 19இற் சென்னை பாண்டிபசாரில் பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு கைதானதும் அக்காலத்தின் நிகழ்வுகள். பின்னதில் எதிரெதிரே நின்றோர் ஒரே இயக்கத்திற் கூடியிருந்து பிரிந்தோர்.

பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றில் இதனை எழுதும்போது 1989 செப்டெம்பர் 21ஐக் கடந்து செல்லுதல் இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியற் றுறைத் தலைவர் ராஜனி திரணகம மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில், திருநெல்வேலியில், தம் வீட்டுக்கு அண்மையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வருள் ஒருவர் அவர், அரசபடை, இந்தியப்படை, இயக்கங்கள் என எத்தரப்பின் வன்முறையையும் மறைக்காது பதிந்தவர். அக்கொலை விடுதலைப்புலிகளின் செயலென்பது அவரோடு பணியாற்றிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் முடிவு. உடற்கூற்றியல் கற்பித்தவரின் உடலிற் சன்னம் பாய்ந்தது. சன்னம் எவ்வழி சென்றிருக்கும் என்பதை அவருடைய மாணவர்கள் அவரிடமே கற்றிருந்தனர்.

விளையாட்டில் இவ்வண்மை முற்றாக இல்லை. திரையில் ஆடுவோர் காண்பது தம் இரு கைகளையும் அவற்றினிடையே பிஸ்ரலின் பின்புறத்தையும் மட்டுமே, சுடுபவனுக்கு முகமில்லை. சுடப்படுபவன் விழுந்து, சில விநாடிகளில் மறைந்து, வேறோரிடத்தில் மீண்டும் எழுவான். 2007இன் விளையாட்டிற் ‘கடைசி நிலை’ என்னும் திறனொன்று உண்டு: பெருங்காயம் பட்டு விழுந்தவன் இறக்குமுன் பிஸ்ரலை உருவிச் சுடலாம். மரணத்துக்கும் உயிர்ப்புக்கும் இடையே பிஸ்ரலுக்கு ஒதுக்கப்பட்ட இடம் இவ்வளவே. ஆயுதத்தின் புறவுருவை, அதன் திருகாணி வரை, துல்லியமாக வரையும் கைகள், அவ்வாயுதம் இரு மனிதரிடையே உண்டாக்கும் உறவை முற்றாக நீக்கிவிடுகின்றன. புற உண்மை மிகுந்தோறும் இந்நீக்கம் கண்ணிற் படாது போகின்றது.

அதே விளையாட்டின் வேறொரு விதி வன்னியில் வாழ்ந்தோருக்குத் தனிப்பொருள் தரும். இறவாது தொடர்ந்து மூவரைக் கொன்றால் எதிரியின் இருப்பிடம் காட்டும் வேவு விமானம். ஐவரைக் கொன்றால் விமானக் குண்டுவீச்சு. எழுவரைக் கொன்றால் உலங்குவானூர்தி. ஐந்தாவது கொலையைப் பிஸ்ரலாற் செய்தவனும் தேசப்படத்தில் ஓரிடத்தைத் தொட்டு விமானத்தை அழைக்கலாம். தேசப்படத்தில் அவ்விடத்தில் யார் இருக்கின்றனர் என்னும் வினா எழாது. ஏனெனில் அங்கு எதிரியன்றி வேறெவரும் படைக்கப்படவில்லை. 2006 ஓகஸ்ட் 14இல் முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்திற் செஞ்சோலை வளாகத்தின்மீது விமானங்கள் குண்டு வீசியபோது அங்கிருந்து கொல்லப்பட்டோர் பாடசாலை மாணவியர். அது புலிகளின் பயிற்சிமுகாம் என அரசு கூறியது. தேசப்படத்தில் எதிரியை மட்டும் காணும் பார்வை விளையாட்டுக்கு முன்பே இருந்தது. விளையாட்டு அதனை விதியாக்கித் தந்தது.

2009இல் வன்னி மக்களைக் கொன்றது பிஸ்ரல் அன்று. அவ்வாண்டு ஜனவரி 21இலும் பெப்ரவரி 12இலும் மே 8இலும் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்ட மூன்று சூடற்ற வலயங்கள், ஒவ்வொன்றும் முந்தியதிலும் குறுகியனவாகி, முள்ளிவாய்க்காற் கடற்கரையில் முடிந்தன. இறுதிக் கட்டத்துப் பொதுமக்கள் இழப்பிற் பெரும்பங்கு அரசபடையின் எறிகணை வீச்சினால் நேர்ந்ததென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் தெரிவித்தது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை பதிந்தது. இவ்விரண்டாவது கூற்றையும் நாம் சேர்த்தே படித்தல் வேண்டும். எறிகணையை ஏவியவன் எவரையும் காணவில்லை; வெளியேறுவோரைச் சுட்டவனோ கண்டு சுட்டான்.

போருக்குப் பின்னர், புதுக்குடியிருப்பில் இராணுவம் அமைத்த காட்சிக்கூடத்திற் கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தோர் அவற்றைப் பார்த்துச் சென்றனர். விளையாட்டின் ஆயுதத் தெரிவுப் பக்கமும் இத்தகையதே: பின்னணி இருள், ஒளியிற் கருவி, அருகே அதன் பெயரும் எண்ணும். கருவியை ஏந்தியவரும் அதன் முன்னே நின்றவரும் இரண்டிலும் இல்லை.

ஆயினும் ஆயுத வகைகளைத் துல்லியமாக அறிவதே குற்றமென நாம் கருதவில்லை. அவ்வறிவால் உயிர் பிழைக்கும் மனிதர் வன்னியில் உள்ளனர். கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலைப் பகுதி இலங்கையின் மிகச் செறிந்த கண்ணிவெடிப் பரப்புகளுள் ஒன்று. ஹலோ ட்ரஸ்ட், மக் ஆகிய சர்வதேச அமைப்புகளும் டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும் வடக்கில் வெடி அகற்றும் பணியில் ஈடுபட்டன. பணியாளருட் பெண்கள் பலர். போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குவோரும் அவர்களுள் உளர். நிலத்தடியிற் கிடப்பது பாகிஸ்தானிய பி4 மிதிவெடியா, அதைப் பின்பற்றிப் புலிகள் செய்த ரங்கன்-99ஆ, மரப்பெட்டியுள் அமைந்த ஜொனி-95ஆ என்பது அவர்களுக்கு முக்கியமானது. உலோகம் குறைந்த வெடி கருவியின் ஒலிக்கு எளிதில் அகப்படாது; மரம் உக்கிய பெட்டி தொடும்போதே நிலைகுலையலாம். மண்டியிட்டு, முகக்கவசத்தினூடே பார்த்து, மண்ணைப் பக்கவாட்டிற் சிறிது சிறிதாக விலக்கும் அக்கைகளுக்கு வகை அறிவு புள்ளிகளைத் தருவதில்லை. விரல்களைக் காத்துத் தருகின்றது. இறந்த போராளிகளின் பெயர்களைத் தாங்கிய வெடிகளை உயிரோடிருப்போர் ஒவ்வொன்றாக எடுத்து அகற்றும் வேலை இது. 2017 டிசம்பர் 13இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

அதே 2017இல், செப்டெம்பர் மாதம், ஆர்மா 3 என்னும் போர் விளையாட்டுக்குப் ‘போரின் சட்டங்கள்’ என்ற புதிய பாகத்தைச் செக் நாட்டு நிறுவனமொன்று சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் துணையோடு வெளியிட்டது. அதில் ஆடுவோர் படைவீரன் அல்லன். போர் ஓய்ந்த கிராமமொன்றில் வெடி அகற்றும் தொண்டு நிறுவனப் பணியாளன். ஒவ்வொரு வெடியும் யார் எப்போது ஏன் புதைத்தது என்பதை அவன் பின்னோக்கி நினைவுகூர, ஒரே நிலம் பல தரப்பாரின் கண்களினூடே காட்டப்படுகின்றது. வருவாயின் ஒரு பகுதி செஞ்சிலுவைக் குழுவுக்கே வழங்கப்பட்டது. இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. சுவிற்சர்லாந்தின் ட்ரையல், புரோ யுவெந்தூட் ஆகிய அமைப்புகள் ஏறத்தாழ இருபது போர் விளையாட்டுகளைச் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தின் அளவுகோலால் ஆராய்ந்து, போராளியையும் குடிமகனையும் வேறுபிரித்தல், தாக்குதலின் அளவு பொருந்துதல் ஆகிய இரு நெறிகளுமே அவற்றில் அடிக்கடி மீறப்படுகின்றன எனக் கண்டன. அவ்வறிக்கை வெளிவந்த ஆண்டு 2009.

பிஸ்ரலைப் பொறுத்தவரை மிகக் கூர்மையான மாற்று, 2014இல் வார்சோ நகர நிறுவனமொன்று ஆக்கிய ‘எனது இந்தப் போர்’. சரயேவோ முற்றுகையை முன்மாதிரியாகக் கொண்ட அவ்விளையாட்டில், இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய குடிமக்கள் சிலரே நம் பொறுப்பு. உணவு, மருந்து, விறகு ஆகியவற்றைத் தேடவேண்டும். பிஸ்ரல் உண்டு; ஆனால் அதனைப் பெறுவதற்கு உண்பதையோ மருந்தையோ கொடுக்க வேண்டியிருக்கும்; ரவையும் அரிது. சுட்டுக் கொன்றவர் அடுத்த நாட் காலையில் எழுந்திருக்க மாட்டாது சோர்ந்து கிடப்பார். அவரைத் தேற்றுவதற்கு இன்னொருவரின் பகற்பொழுது செலவாகும். 2020இல் போலந்து அரசு இதனைப் பாடசாலைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆக்கங்களின் வரிசையிற் சேர்த்தது. பிஸ்ரலின் பொறிமுறையில் இவ்விளையாட்டு பெரிதும் அக்கறை காட்டவில்லை. அண்மையையும் அதன் விலையையும் மட்டும் மீட்டுத் தந்தது.

கணினிப் பொறியியல் கற்பிக்கப்படும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடம் அமைந்திருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில்; 2021 ஓகஸ்ட் 1இலிருந்து வவுனியாவிற் றனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. ஆகவே வன்னியின் பட்டறிவை விளையாட்டாக ஆக்கும் தொழிற்றிறன் வன்னி மண்ணிலேயே உருவாகி வருகின்றது எனலாம். அத்தகைய ஆக்கமொன்றின் பொருட்பட்டியலில் எவை இடம்பெறும்? தறப்பாள், மண்வெட்டி, பனங்குற்றி, சேலையாற் றைத்த மண்மூட்டை, உப்புக்கஞ்சி, குடும்ப அட்டை, பிள்ளையின் கையிற் கட்டிய பெயர்த்துண்டு. பதுங்குகுழி வெட்டுதற்கு எத்தனை பேரின் எத்தனை மணி நேரம் வேண்டும், கஞ்சி வரிசையில் நிற்கப் போனவர் எந்நேரத்திற் றிரும்பவேண்டும், இடம்பெயரும்போது எதை விட்டுச் செல்வது என்பனவே அதன் கணக்குகள். இவற்றை அறிந்த தாய்மார் இன்னும் உயிரோடிருக்கின்றனர். மாணவர் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பிஸ்ரலுக்கு அங்கு இடமிருக்குமா என்பதை ஆக்குவோர் தொடக்கத்திலேயே முடிவு செய்யவேண்டியிருக்கும். இடமிருப்பின் அது யாருடைய இடுப்பில் இருக்கும், திரையின் அடியிற் றோன்றும் கை எதனை ஏந்தியிருக்கும் என்பதையும் அவர்களே வரைதல் வேண்டும்.